கழுதைப்புலிக்கு நான் போட்ட கண்

என் கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் படம் எதிரே வந்தாலும் அதைத் திருத்தப் போய்விடும். கல்யாண வீட்டுக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் மூக்கு கோணலாக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றும். இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் பாதி ஆயுசு சோறு தின்றேன். இதே பழக்கத்தால் ஒரு நல்ல மனுஷன் வாயில் மண்ணையும் போட்டேன். சோறு தின்ற கதையை யாரிடமும் சொல்லலாம். மண்ணைப் போட்ட கதையை இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை.

வேலூரில் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. எங்கள் தெருவுக்கெல்லாம் கரண்டு வராத காலம். படம் பிடிக்கிறது ஸ்டூடியோக்காரர். டச்சிங் போட்டுத் திருத்துகிறது நான். அப்போது படம் கண்ணாடி பிளேட்டில்தான் விழும். கழுவி எடுத்த பிளேட்டில் வெள்ளையெல்லாம் கறுப்பாகவும் கறுப்பெல்லாம் வெள்ளையாகவும் தெரியும். காகிதத்தில் அச்சு எடுக்கும்போதுதான் அது நேராகும். அதற்கு முன்னால் பிளேட்டைச் சாய்வுப் பலகையில் வைத்து, பென்சிலால் தொட்டால் அந்த இடம் அச்சில் வெளுக்கும். சின்னக் கத்தியால் சுரண்டினால் அந்த இடம் அச்சில் கறுக்கும். பென்சில் தப்பினால் துடைத்துவிடலாம். கத்தி தப்பினால் தப்பினதுதான், திரும்பி வராது.

எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே வேலை. செத்தவர்களுக்குக் கண் திறப்பது. உயிரோடு இருக்கும்போது யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயம். செத்த பிறகுதான் ஓடி வருவார்கள், ஐயோ முகம் மறந்து போகுமே என்று. பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, வாயைக் கட்டி, மாலை போட்டு எடுத்து வருவோம். அந்த மூடின கண்ணை நான் திறந்து கொடுப்பேன். இமையைச் சுரண்டி, நடுவே கருவிழி போட்டு, கருவிழியில் இடது பக்கமாக மேலே ஊசி முனையளவு வெளிச்சம் விட்டால் ஆள் எழுந்து பேசுவது போல் இருக்கும். குருட்டுக் கண்ணோடு ஒரு முகமும் எங்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியே போகக் கூடாது என்பது ஸ்டூடியோக்காரர் போட்ட சட்டம். பிறகு அது என் கையின் சட்டமாகவே ஆகிவிட்டது.

இப்போது என் மச்சானைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவியின் அண்ணன். ஆம்பூருக்கு இந்தப் பக்கம் பாலாற்றங்கரையில் இருந்த, தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் ராத்திரிக் காவல். ஷாப்பு கொடுத்த ஒரு ரூமில் பெண்டாட்டியோடும் மூன்று பிள்ளைகளோடும் குடியிருந்தார். அதிகம் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனாலும் கடைசி வரிசையில் நின்று, பூசை முடிவதற்கு முன்பே நழுவி வந்துவிடுவார். பொய் சொல்ல வேண்டும் என்றால் அவருக்கு முதலில் காது சிவந்துவிடும். அதனால் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று விட்டவர்.

ஷாப்பில் உப்புத் தடவின பச்சைத் தோலை ஆற்றுப் பக்கத்துக் கொட்டகையில் அடுக்கி வைப்பார்கள். அதில் ஒன்றிரண்டு ஆட்டுத்தோல் அடிக்கடி காணாமல் போக ஆரம்பித்தது. கழுதைப்புலி வந்து இழுத்துக்கொண்டு போகிறது என்றார் மச்சான். அவர் அதை இருட்டில் நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். முன்பக்கம் உயரம், பின்பக்கம் தாழ்வு, முதுகில் பிடரிமயிர். மணிக்கொரு தரம் அவர் மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டிவிட்டு அந்தக் கோடிக் கொட்டகைக்கு நடந்தால் இது இந்தக் கோடியில் நுழையும். வேலியை அடைத்தால் அடியில் தோண்டும். காலையில் தடத்தைக் காட்டலாம் என்றால், வேலைக்கு வருகிற நூறு பேர் காலும் வண்டிச் சக்கரமும் அதை மிதித்துத் துவைத்துவிடும். தப்பித்தவறி மிஞ்சின ஒரு தடத்தைக் காட்டினதற்கு, நாய் என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு யாரும் பார்க்கவில்லை. அதனால் காவல்காரன்தான் தோலை வெளியே தள்ளுகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "நீங்க போட்டோ புடிக்கற எடத்துலதான வேல செய்றீங்க? அந்தக் கழுதப்புலிய ஒரு போட்டோ புடிச்சிக் குடுத்துட்டா எங்க அண்ணன் தப்பிச்சிடும்ல?" என்றாள். ஏதோ கடைக்குப் போய்க் கால் படி அரிசி வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரியில் படம் பிடிப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியுமா? சூரியன் இல்லாத நேரத்தில் நாமே ஒரு சூரியனைக் கொளுத்த வேண்டும். ஸ்டூடியோவில் அதற்கு மெக்னீசியப் பொடி இருந்தது. கூட ஒரு மருந்தைக் கலந்து, பிடி வைத்த தகரத் தட்டில் கொட்டி, தட்டில் இருக்கும் சிக்கிமுக்கிச் சக்கரத்தைச் சுண்டினால் கண் சிமிட்டுகிற நேரத்துக்கு வெள்ளை வெளேர் என்று எரியும். ராத்திரிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணை அப்படி எடுப்போம். மாப்பிள்ளை பெண்ணை நில் என்றால் நிற்பார்கள். கழுதைப்புலியை யார் நிற்கச் சொல்வது? இதையெல்லாம் அவளிடம் கத்தினேன். கத்தி முடித்துவிட்டு ஸ்டூடியோக்காரரிடம் போய் நின்றேன். பழைய கேமரா ஒன்றையும் இரண்டு பிளேட்டையும் பொடியையும் கொடுத்தார். பிளேட்டு உடைந்தால் என் மண்டையும் உடையும் என்றார்.

தோல் ஷாப் மேனேஜரைப் பார்க்கப் போனோம். மனுஷர் கெட்டவர் இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும். உட்காரச் சொன்னார். மச்சான் உட்காரவில்லை, அதனால் நானும் நின்றேன்.

"சார், எங்க மச்சான் பொய் சொல்றவரு இல்ல," என்றேன்.

"நீ அவன் தங்கச்சி புருசன். நீ வேற இன்னா சொல்லுவ?" என்றார் மேனேஜர். "எனக்கும் இது பேஜாருதான்யா. எனக்கு மேல முதலாளி இருக்காரு, அவரு என்னக் கேக்கறாரு. கழுதப்புலி வருதுன்னா காட்டு. நீ படம் எடுத்தாந்து வெச்சா நானே முதலாளிகிட்ட கொண்டு போயி காட்டறேன். ஒரு வாரம். அதுக்கு மேல என்னால முடியாது."

ஒரு வாரம். அமாவாசை நடுவில் வந்தது, அந்த மட்டுக்கும் நல்லது. நல்ல இருட்டில்தான் கேமராவின் வாய் மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க முடியும். பொடி எரிகிற அந்த ஒரு நொடியில் படம் விழும். உடனே மூடிவிட வேண்டும். வழியில் ஒரு லாந்தர் வந்தாலும் பிளேட்டு பாழ். அதனால் மேனேஜரிடம் சொல்லி, அந்தப் பக்கத்து லாந்தரை அணைக்க உத்தரவு வாங்கினோம்.

சாயங்காலம் ஸ்டூடியோவை மூடினதும் கேமராவைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறுவேன். விடிகாலை வண்டியில் திரும்புவேன். கொட்டகை ஓரமாகக் கேமராவை நிறுத்தி, வேலியில் அது நுழைகிற பொத்தலுக்கு நேராக இரண்டு தோலைப் போட்டோம். தகரத் தட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் கட்டி, சக்கரத்தைச் சுண்டக் கயிறு ஒன்றைக் கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். ஆற்றுக் காற்று, சுண்ணாம்புக் குழி நாற்றம், பச்சைத் தோல் நாற்றம் எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறியது. மச்சான் வழக்கம்போல மணி அடித்துவிட்டு அந்தக் கோடிக்கு நடந்தார்.

அது வந்தது. முதல் ராத்திரியே வந்தது. சத்தம்தான் கேட்டது: உலர்ந்த முள் ஒடிகிற சத்தம், மூச்சு, பிறகு மண்ணில் தோல் இழுபடுகிற சத்தம். கயிற்றை இழுத்தேன். சக்கரம் கிர் என்றது, பொறி பறந்தது, பொடி பற்றவில்லை. நாலு பக்கமும் தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடத்தில் பொடியைத் திறந்து வைத்தால் ஈரம் இழுக்காமல் என்ன செய்யும்? என் மரமண்டைக்கு அது தெரியவில்லை. கழுதைப்புலி ஒரு தோலோடு போய்விட்டது. மறுநாள் காலை அந்தத் தோலும் மச்சான் தலையில் விழுந்தது.

"பரவால்ல மாப்ளே. வந்துச்சில்ல? நீயும் கேட்டல்ல?" என்றார் மச்சான். வேறு ஒருத்தன் அதன் சத்தத்தைக் கேட்டதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்கோ வெட்கமாக இருந்தது.

என் மனைவி பொடியை ஒரு பித்தளைத் தட்டில் பரப்பி மாடியில் காயவைத்து, காற்று அடித்துக்கொண்டு போகாமல் முந்தானையை விரித்துக்கொண்டு நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதை டப்பாவில் அடைத்து, என் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போச்சு, பொறியைப் பார்த்துப் பயந்து இனிமேல் வராது என்று நான் வாய்விட்டே சொன்னேன். மச்சான் மணி அடிக்கப் போனார்.

நாலாம் ராத்திரி வந்தது. இந்தத் தடவை சத்தம் கேட்ட பிறகுதான் டப்பாவைத் திறந்து, தவழ்ந்து போய்ப் பொடியைத் தட்டில் கொட்டினேன். இருட்டில், ஸ்டூடியோக்காரர் சொன்ன அளவுக்கு மேலேயே விழுந்துவிட்டது. கேமராவின் மூடியைக் கழற்றினேன். திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடிக்க நேரம் இல்லை. அங்கேயே மண்டியிட்டுச் சக்கரத்தை விரலால் சுண்டினேன்.

பொஃப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உலகமே வெள்ளையாகி, பிறகு கண்ணுக்குள் ஒரு பச்சைத் திட்டு வந்து நின்றுவிட்டது. புருவம் பொசுங்கின வாசனை. புகை. ஆற்று மணலில் ஏதோ தலைதெறிக்க ஓடுகிற சத்தம். தடவித் தடவி மூடியைப் போட்டேன். மச்சான் ஓடி வந்து, "பாத்தியா மாப்ளே, பாத்தியா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் எதையும் பார்க்கவில்லை. இவ்வளவு பாடுபட்டவன் அந்த மிருகத்தின் வாலைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தது அந்தக் கண்ணாடி பிளேட்டு மட்டும்தான்.

காலையில் ஸ்டூடியோக்காரர் வருவதற்கு முன்பே இருட்டறையில் நுழைந்து பிளேட்டைக் கழுவினேன். சக்கரத்தைச் சுண்டின விரல் இரண்டும் கொப்புளமாகி எரிந்தது. அது மெதுவாக வந்தது. உயரமான முன்கால், சரிந்த முதுகு, உடம்பில் கோடு, வாயில் ஆட்டுத்தோல், பின்னால் கொட்டகைக் கம்பம். ஆண்டவரே, எவ்வளவு அழகாக விழுந்திருந்தது. நான் அந்த இருட்டறையில் தனியாக நின்று அழுதேன்.

அழுதுவிட்டு அதை அப்படியே கொண்டுபோய் அச்சு எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிளேட்டு காய்ந்ததும் கை தானாக அதைச் சாய்வுப் பலகையில் வைத்தது. நாலு ராத்திரி தூக்கம் இல்லாதவன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கழுதைப்புலியின் இரண்டு கண்ணும் பிளேட்டில் மைக் கறுப்பாக இருந்தன. அச்சில் இது இரண்டு வெள்ளைக் காசு ஒட்டின மாதிரி வரும். இப்போது எல்லாருக்கும் தெரியும், ராத்திரி வெளிச்சத்தில் மிருகத்தின் கண் அப்படித்தான் மின்னும் என்று. அன்றைக்கு நான் கண்டது குருட்டுக் கண். உயிர் இல்லாத கண். இதை மேனேஜரிடம் காட்டினால் பேயா பிசாசா என்று கேட்பார், நம்ப மாட்டார். ஒரு கண் போட்டுவிட்டால் உயிரோடு நிற்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கத்தி கையில் இருந்தது. சுரண்டினேன். இரண்டு கருவிழி. இரண்டிலும் இடது பக்கம் மேலே ஊசி முனை வெளிச்சம். பிறகு அச்சு எடுத்தேன். கழுதைப்புலி என்னைப் பார்த்தது. அவ்வளவு திருத்தமாக நான் அதற்கு முன்னால் ஒரு வேலையும் செய்ததில்லை.

அன்று மத்தியானமே மேனேஜரிடம் கொண்டுபோனோம். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேனேஜர் படத்தை வாங்கினதும் முகம் மலர்ந்தது. "அட, மெய்யாலுமே கழுதப்புலிதாண்டா," என்றார். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மேனேஜர் படத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "நீ எந்த ஸ்டூடியோன்னு சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க கண்ணு போடறது யாரு?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பெருமையாகவே, "நான்தான் சார்," என்றேன்.

"எங்க அப்பா செத்தப்ப உங்க ஸ்டூடியோவுலதான் படம் எடுத்தோம். கண்ண மூடிட்டிருந்தாரு. நீதான் தெறந்து குடுத்திருக்க. வீட்ல மாட்டியிருக்கோம். டெய்லி காலைல எழுந்தா அந்த மொகத்துலதான் முழிக்கறேன்," என்றார் மேனேஜர். படத்தை மேஜையில் வைத்து, கழுதைப்புலியின் கண்ணை விரலால் தொட்டார். "இது எங்க அப்பா கண்ணு."

இப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சார், கண்ணு மட்டும் நான் போட்டேன் சார். வெளிச்சத்துல அது வெள்ளையா உழுந்துடுச்சி. மத்ததெல்லாம் அப்படியே உழுந்தது."

"கண்ணு மட்டும் பொய்யி, மத்ததெல்லாம் நெசமா?" அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போன மாசம் ரயில்ல அடிபட்டு ஒரு கழுதப்புலி தண்டவாளத்து ஓரமா கெடந்துச்சே. ஊரே போய்ப் பாத்துச்சி. அந்த மாதிரி ஒண்ணக் கொண்டாந்து நிக்க வெச்சி, வாயில தோலச் சொருவி, லாந்தர அணைக்கச் சொல்லிட்டு, ராத்திரியெல்லாம் இதத்தான் பண்ணியிருக்கீங்க. காலப் பாரு, கட்ட மாதிரி நிக்குது. செத்ததுக்குக் கண்ணு தெறக்கறதுதான உன் தொழிலு?"

அசைந்துகொண்டிருந்த மிருகத்தை ஒரு நொடியில் பிடித்தால் கால் கட்டை மாதிரித்தான் தெரியும். அதைச் சொன்னேன். பிளேட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். பிளேட்டில் என்ன இருக்கிறது? என் கத்தி சுரண்டின தடம்தான் இருக்கிறது. சுரண்டினதை ஒட்டவைக்க உலகத்தில் வழி இல்லை. நான் பேசப் பேச என் குரலே எனக்குத் திருடன் குரல் மாதிரிக் கேட்டது. மச்சான் படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போலீசுக்குப் போவல," என்றார் மேனேஜர் கடைசியாக. "அது எங்க அப்பாவுக்காக. நாளைக்கு ரூமக் காலி பண்ணிடு."

படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வேல மட்டும் நல்லா செய்யறய்யா," என்றார். அதைக் கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

மச்சான் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. இருந்தது ஒரே ரூம். பிள்ளைகள் வரிசையாகப் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. அதெல்லாம் கஷ்டமே இல்லை. மச்சான் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லையே, அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். காலையில் எழுந்து ஒவ்வொரு தோல் ஷாப்பாக ஏறி இறங்கி வருவார். அவருக்கு முன்னாலேயே சேதி போயிருக்கும். செத்த கழுதைப்புலியை நிற்க வைத்து ஏமாற்றப் பார்த்தவன் என்று ஆம்பூர் வரைக்கும் சிரித்தார்கள்.

இன்னொரு படம் எடுத்துவிடலாம் என்று நான் அலைந்தேன். ஸ்டூடியோக்காரர் காலில் விழாத குறையாக இன்னும் இரண்டு பிளேட்டு வாங்கினேன். ஷாப்புக்குள் விட மாட்டார்கள். அதனால் வெளியே ஆற்று மணலில் ஒரு தோலைப் போட்டுக் காத்திருந்தேன். எத்தனை ராத்திரி என்று எண்ணவில்லை. நரி வந்தது, நாய் வந்தது. அது வரவில்லை. அந்த வெளிச்சம் அதன் உயிரையே உலுக்கிவிட்டதோ என்னவோ, பாலாற்றின் அந்தக் கரைப்பக்கமே தலைகாட்டவில்லை.

அது வராததால் தோலும் போகவில்லை. புதுக் காவல்காரன் வந்த நாளிலிருந்து ஒரு தோல்கூடக் குறையவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பழையவனை அனுப்பினதும் திருட்டு நின்றுவிட்டது என்று ஊரெல்லாம் பேசினார்கள். நான் கொளுத்தின பொடிதான் அதை விரட்டியது என்று யாரிடம் போய்ச் சொல்ல? சொல்லியும் பார்த்தேன். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

என் மனைவி ராத்திரி ஜெபத்தில், ஆண்டவரே, அந்தக் கழுதப்புலிய மறுபடி அனுப்பும், ஒரு தோலு போவட்டும் என்று வேண்டிக்கொள்வாள். தோல் திருட்டுப் போக வேண்டும் என்று முழங்கால் போட்டு ஜெபம் செய்த வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். ஒரு நாள் ஜெபம் முடிந்து, பிள்ளைகள் தூங்கின பிறகு, என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "ஏங்க, நெசமாச் சொல்லுங்க. நீங்க உங்க கண்ணால அதப் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மச்சானின் கூடப் பிறந்த தங்கையே கேட்கிறாள். "பிளேட்டுல இருந்துச்சே," என்றேன்.

"பிளேட்டக் கேக்கல."

"பாத்தேன்," என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் நம்பினாளா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதவோரம் மச்சான் படுத்திருந்தார். தூங்கினாரா என்றும் தெரியாது.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் என் வாய் அந்த வேலையைச் செய்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு ஸ்டூடியோவுக்கு வந்த ஒருத்தன் என்னைப் பார்த்து, என்னப்பா, கழுதைப்புலிக்கெல்லாம் கண் திறக்கிறாயாமே என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த எரிச்சலில், "ஒரே ஒரு தோலு மச்சான். நீ இல்லாதப்ப ஒரே ஒரு தோலு காணாமப் போனா போதும். உம்மேல தப்பு இல்லன்னு ஊரு வாய மூடிக்கும்," என்றேன். ஆத்திரத்தில் சொன்னது. ஒரு அர்த்தமும் இல்லாமல் சொன்னது. மச்சான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டில் இருந்ததைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

மறுநாள் சாயங்காலம் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் கூலி வேலை இருக்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது காது சிவந்திருந்ததா என்று நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

விடிந்து ஷாப்பிலிருந்து ஆள் வந்தான், மச்சானைப் பிடித்துவிட்டார்கள் என்று. நானும் என் மனைவியும் ஓடினோம். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் புதுக் காவல்காரன் கூடியிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வேலிப் பொத்தலுக்கு வெளியே ஆற்று மணலில் பிடித்தானாம். தோலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருந்தால் தப்பித்திருப்பான், பைத்தியக்காரன், இடுப்பை வளைத்துக்கொண்டு தோலை மண்ணோடு மண்ணாக இழுத்துக்கொண்டு போனான், பின்னால் திரும்பித் திரும்பித் தன் காலடியை ஒரு முள்கொம்பால் பெருக்கினான் என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். கழுதைப்புலி இழுக்கிற மாதிரி எதற்காக அப்படி இழுத்தார் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் மனைவி என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

உள்ளே மச்சான் சுவரோரம் நின்றிருந்தார். முட்டியெல்லாம் மணல். மேனேஜரும் வந்திருந்தார், அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஏட்டிடம் போய், இவரை நான்தான் தூண்டினேன், என்னைப் பிடியுங்கள் என்றேன். ஏட்டு என்னை ஒரு ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

ஏட்டு நோட்டைத் திறந்து, "தோல நீதான் எடுத்தியா?" என்று கேட்டார்.

"எடுத்தேங்க," என்றார் மச்சான்.

ஏட்டு எழுதிக்கொண்டார்.

"இதுக்கு முந்தி போனதெல்லாம் நான் இல்லீங்க. அது கழுதப்புலிங்க," என்றார் மச்சான், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, எழுதுகிறவருக்குத் தோதாக நிறுத்தி நிறுத்தி.

அதற்குள் ஏட்டு பேனாவை மூடி வைத்துவிட்டார்.